அணி அமைத்த ஆசான்

வீடு ஒன்று பழுதுபட்டால் அதனை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் கட்டுபவன் கைக்கு இணங்கும். மனிதர் பலர் கூடி அமைந்த குழு பழுதுபட்டால் அதனைச் சீர்செய்தல் அத்துணை எளிதன்று. தோல்வி பழகிப்போன உள்ளங்களில் ஊக்கத்தை விளைவித்தல் வேண்டும். ஒருவரை ஒருவர் குறை கூறும் வழக்கத்தை மாற்றி, ஒருவர்க்கு ஒருவர் துணை நிற்கும் வழக்கத்தை உண்டாக்குதல் வேண்டும். பழைய தலைவர் நீங்கிப் புதிய தலைவர் வந்து அமர்ந்த அன்றே இம்மாறுதல் நேர்ந்துவிடுவதில்லை. அதற்கு அறிவு வேண்டும், பொறுமை வேண்டும், பிறர் சொல்லைக் கேட்கும் செவியும் வேண்டும். இவை மூன்றும் வாய்க்கப்பெற்றவர் ஹெர்பர்ட் சாப்மன். இங்கிலாந்தின் கால்பந்து உலகில் அழியாப் புகழ் பெற்ற அவரது வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமை

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்ஷயர் என்னும் பகுதி உள்ளது. அங்கே கிவிட்டன் பார்க் என்பது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊர். அவ்வூரில், 1878-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19-ஆம் நாள் சாப்மன் பிறந்தார். அவருடைய தந்தையார் சுரங்கத்தில் கரி வெட்டிய தொழிலாளி. நிலத்தின் அடியில் இருளிலும் புழுதியிலும் உழைப்போர்க்குக் கால்பந்து ஆட்டமே ஓய்வுநாளின் பெரிய இன்பமாக இருந்தது. சாப்மனும் சிறு வயதிலேயே அவ்வாட்டத்தில் ஈடுபட்டார். ஆயினும் கல்வியைக் கைவிட்டார் அல்லர். ஷெபீல்டு நகரில் சுரங்கப் பொறியியல் பயின்றார்.

ஆட்டக்காரர் என்ற முறையில் அவர் பெரும்புகழ் அடையவில்லை. அவருடைய தம்பி ஹாரி, ஷெபீல்டு நகரின் பெயர் பெற்ற அணியில் ஆடிப் பரிசுகள் பல பெற்றார். தமையனாரோ கழகம் விட்டுக் கழகம் மாறி, பல இடங்களில் இரண்டாம் வரிசை ஆட்டக்காரராகவே காலங்கழித்தார். அவர் அணிந்த மஞ்சள் நிறக் காலணிகளே அவரது ஆட்டத்தைக் காட்டிலும் பிறர் நினைவில் நின்றன. எனினும், பல கழகங்களைக் கண்ட அனுபவம் வீண்போகவில்லை. ஓர் அணி எதனால் ஓங்குகிறது, எதனால் சரிகிறது என்பதை அவர் உள்ளிருந்தே கண்டறிந்தார்.

ஏற்றமும் இழுக்கும்

1907-ஆம் ஆண்டில் நார்த்தாம்ப்டன் நகரக் கழகம் அவரைத் தன் மேலாளராக அமர்த்தியது. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தலும், ஆட்ட முறையை வகுத்தலும், கழகத்தின் அன்றாட அலுவல்களை நடத்துதலும் மேலாளர் பொறுப்பு. அவ்வணி அப்போது தான் ஆடிய போட்டி வரிசையில் கடைசி இடத்தில் கிடந்தது. இரண்டே ஆண்டுகளில், 1909-இல், அதே வரிசையில் முதலிடம் பெற்றது.

பின்னர் 1912-இல் லீட்ஸ் நகரக் கழகத்தின் பொறுப்பை ஏற்றார். முதல் உலகப் போர் மூண்டது. சாப்மன் போர்க்கருவித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியச் சென்றார். போர் முடிந்ததும் பேரிடி ஒன்று விழுந்தது. போர்க்காலத்தில் ஆட்டக்காரர்க்கு விதிக்கு மாறாகப் பணம் வழங்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கழகம் தன் கணக்கு ஏடுகளைக் காட்ட மறுத்தது. அதனால் 1919-இல் அக்கழகமே போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் சந்தைப் பொருள்களைப் போல் ஏலம் விடப்பட்டனர். சாப்மனும் கால்பந்து தொடர்பான பணி எதிலும் ஈடுபடலாகாது என்று தடை விதிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. அந்தப் பணம் வழங்கப்பட்ட காலத்தில் அவர் தொழிற்சாலைப் பணியில் இருந்தமை எடுத்துக்காட்டப்பட்ட பின்னரே அத்தடை நீங்கியது.

1921-இல் ஹட்டர்ஸ்பீல்டு நகரக் கழகம் அவரை வரவேற்றது. அக்கழகம் சிறிய ஊரைச் சேர்ந்தது. அதன் ஆட்டத்தைக் காண வருவோர் தொகையும் குறைவு. ஆயினும் 1922-இல் அவ்வணி கால்பந்துச் சங்கக் கோப்பையை வென்றது. 1924, 1925 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் முதற்பிரிவு லீக் போட்டியில் முதலிடம் பெற்றது. இவ்வாறு புகழின் உச்சியில் இருந்தபோதுதான் சாப்மன் ஒரு துணிவான முடிவைச் செய்தார். வெற்றி பெற்ற அணியை விட்டு நீங்கி, வீழ்ந்து கிடந்த அணி ஒன்றை ஏற்க முன்வந்தார்.

சரிந்து கிடந்த அணி

இலண்டன் மாநகரில் ஹைபரி என்னும் இடத்தில் ஆர்சனல் கழகம் இருந்தது. 1925-ஆம் ஆண்டுப் போட்டிகள் முடிந்தபோது, முதற்பிரிவின் 22 அணிகளுள் அவ்வணி 20-ஆம் இடத்தில் நின்றது. அதற்கு முந்திய ஆண்டில் அது பெற்ற இடம் 19. இன்னும் ஓரடி சறுக்கினால் இரண்டாம் பிரிவிற்கு இறங்கவேண்டிய நிலை. கழகத்தின் தலைவர் பழைய மேலாளரை விலக்கிவிட்டுப் புதியவர் ஒருவரைத் தேடி இதழில் விளம்பரம் செய்தார். பெருந்தொகை கொடுத்து ஆட்டக்காரரை வாங்க எண்ணுவோர் விண்ணப்பிக்க வேண்டா என்றும் அவ்விளம்பரத்தில் குறித்தார்.

சாப்மன் வந்தார். நல்ல ஆட்டக்காரர் வேண்டுமெனில் பணமும் வேண்டும் என்பதைத் தலைவர்க்கு உணர்த்தினார். அந்நாளில் சண்டர்லாந்து அணியில் சார்லி பக்கன் என்னும் பெயர் பெற்ற வீரர் இருந்தார். அவருக்கு வயது 33. முதலில் 2,000 பவுன் தருவது, பின்னர் அவர் முதல் ஆண்டில் அடிக்கும் கோல் ஒவ்வொன்றிற்கும் 100 பவுன் தருவது என்று உடன்பாடு ஆயிற்று. பக்கன் அவ்வாண்டில் 21 கோல்கள் அடித்தார். ஆனால் அவர் அணிக்கு அளித்த மிகப்பெரிய செல்வம் அக்கோல்கள் அல்ல. ஒரு கருத்தே ஆகும்.

தோல்வி தந்த பாடம்

அவ்வாண்டில்தான் கால்பந்து ஆட்டத்தின் ஆப்சைடு விதி மாற்றப்பட்டது. எதிரணியின் பாதியில் பந்துக்கு முன்னே நிற்கும் ஆட்டக்காரர்க்கும் கோல் கோட்டிற்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருத்தல் வேண்டும் என்பது பழைய விதி. மூவர் என்பது இப்போது இருவர் என்று ஆயிற்று. இதனால் தாக்கி ஆடுவோர்க்குப் புதிய வழி திறந்தது. காத்து ஆடுவோர் திகைத்தனர். முதற்பிரிவில் முந்திய ஆண்டு அடிக்கப்பட்ட கோல்கள் ஏறத்தாழ 1,200. விதி மாறிய ஆண்டில் அத்தொகை 1,700 ஆக உயர்ந்தது.

1925-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3-ஆம் நாள். நியூகாசில் நகரில் ஆடிய ஆர்சனல் அணி ஒரு கோலும் அடிக்காமல் ஏழு கோல்களுக்குத் தோற்றது. இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதி பக்கன் பல்லாண்டு ஆடிப் புகழ் பெற்ற பகுதி. அங்கே நேர்ந்த இம்மானக்கேட்டை அவரால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அணியை விட்டே விலகிவிடுவதாக அவர் கூறினார் என்பர். விதி மாறியதற்கு ஏற்ப ஆட்ட முறையையும் மாற்ற வேண்டும் என்று அவர் முன்னரே வற்புறுத்தி வந்தார். அதனை எவரும் செவிமடுக்கவில்லை.

இத்தகைய வேளையில் தலைவர் பலர் செய்வது என்ன? சினந்து கொள்வர், தவறு செய்தவர் இவர் என்று ஒருவரைச் சுட்டுவர், எதிர்த்துப் பேசியவரை விலக்குவர். சாப்மன் அவ்வாறு செய்யவில்லை. அணியினர் அனைவரையும் ஒருங்கே அமர்த்தினார். பக்கனைத் தம் கருத்தை விளக்குமாறு கேட்டுக்கொண்டார்.

அந்நாளில் பின்வரிசையில் காவலர் இருவரே நிற்பர். அவர்க்கு முன்னே உள்ள மூவருள் நடுவில் நிற்பவர் தாக்குதலுக்கும் காவலுக்குமாக மைதானம் முழுதும் ஓடி ஆடுவார். அந்த நடு ஆட்டக்காரர் இனி முன்னே செல்லலாகாது. காவலர் இருவர்க்கும் இடையே மூன்றாம் காவலராக நிற்றல் வேண்டும். அவர் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப, முன்வரிசையிலிருந்து ஒருவர் பின்னே இறங்குதல் வேண்டும். இதுவே பக்கன் கூறிய வழி. வேறு சில அணிகளும் இதனைப் போன்றதொரு முறையைக் கையாளத் தொடங்கியிருந்தன.

கருத்து ஏற்கப்பட்டது. முன்வரிசையிலிருந்து பின்னே இறங்குபவர் யார் என்ற வினா எழுந்தது. அவ்விடத்தைத் தாமே ஏற்கப் பக்கன் விரும்பினார். சாப்மன் அதற்கு இசையவில்லை. கோல் அடிக்கும் வீரரைப் பின்னே நிறுத்துதல் தகாது என்றார். அவ்வாறெனில் அவ்விடத்திற்குத் தக்கவர் எவர் என்று பக்கனையே கேட்டார். கீழ் வரிசை அணியில் ஆடிவந்த ஆண்டி நீல் என்பவரைப் பக்கன் குறிப்பிட்டார். நீல் விரைந்து ஓட வல்லவர் அல்லர். ஆனால் பந்தை அடக்கி, வேண்டிய இடத்திற்கு அனுப்புவதில் வல்லவர். சாப்மன் தயங்காமல் அவரைச் சேர்த்துக்கொண்டார். இரண்டே நாள் கழித்து, வெஸ்ட் ஹாம் அணியை அதன் சொந்த ஊரிலேயே ஆர்சனல் நான்கு கோல்கள் அடித்து வென்றது. எதிரணிக்கு ஒரு கோலும் கிட்டவில்லை. அவ்வாண்டு இறுதியில், 20-ஆம் இடத்தில் இருந்த அணி இரண்டாம் இடத்திற்கு உயர்ந்தது.

ஆளறிந்து ஒப்படைத்தல்

அன்று நிகழ்ந்த கூட்டம் ஒருநாட் கூத்தாக முடிந்துவிடவில்லை. அது கழகத்தின் வழக்கமாயிற்று. வாரந்தோறும் ஆட்டக்காரர் கூடினர். கால்பந்து மைதானத்தைப் போல் கோடிட்ட மேசை ஒன்று நடுவே இருக்கும். கடந்த ஆட்டத்தில் நேர்ந்த குறை யாது, வரும் ஆட்டத்தில் செய்யத்தக்கது யாது என்று ஆராய்வர். மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவரும் பேசவேண்டும் என்று சாப்மன் விரும்பினார். எல்லோரும் பேசினர், முடிவு மட்டும் அவர் கையில் இருந்தது. முடிவு செய்தபின் அதனை மீறுவதற்கு எவர்க்கும் உரிமை இல்லை.

இன்ன பணியை இன்னார் செய்து முடிப்பார் என்று ஆராய்ந்து ஒப்படைத்தல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. சாப்மன் அந்நெறியிலேயே நின்றார். டாம் விட்டேக்கர் என்னும் ஆட்டக்காரர் 1925-இல் முழங்காலில் அடிபட்டார். இனி அவர் ஆட இயலாது என்று ஆயிற்று. வாழ்வே முடிந்ததென அவர் வருந்திய வேளையில், அவருள் மறைந்திருந்த வேறோர் ஆற்றலைச் சாப்மன் கண்டார். உடற்கூறும் காயங்களுக்குரிய மருத்துவமும் கற்கச் செய்து, பயிற்சியாளராக அமர்த்தினார். விட்டேக்கரின் கைத்திறத்தால் அடிபட்ட வீரர் பலர் மீண்டும் மைதானம் ஏறினர். எட்டி ஹாப்குட் என்பவர் பால் வண்டி ஓட்டிய இளைஞர், உடல் மெலிந்தவர். அவரைச் சிறிய கழகம் ஒன்றிலிருந்து அழைத்துவந்து, நல்லுணவும் பயிற்சியும் தந்து வளர்த்தனர். பிற்காலத்தில் அவர் இங்கிலாந்து அணிக்கே தலைவரானார். கிளிப் பாஸ்டின் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 17. மறு ஆண்டே கோப்பை இறுதிப் போட்டியில் ஆடும் பேறு பெற்றார்.

அலெக்ஸ் ஜேம்ஸ் என்னும் ஸ்காட்லாந்து வீரரை இணக்குதல்தான் அரிதாயிற்று. குட்டை உருவம், முழங்காலை மறைக்கும் தொளதொளத்த காற்சட்டை, பந்தைக் காலடியில் கட்டிவைத்தாற்போன்ற ஆட்டம். 1929-இல் வந்த அவர் முன்பு கோல்கள் பல அடித்தவர். சாப்மனோ, கோல் அடிப்பதை விடுத்துப் பிறர் கோல் அடிக்கப் பந்து வழங்கும் பணியை அவருக்கு அளித்தார். புகழுக்குரிய பணியை விட்டுப் பிறர் புகழுக்கு உதவும் பணியை ஏற்றல் எளிதோ? தொடக்கத்தில் ஜேம்ஸ் தடுமாறினார். காண்போர் ஏளனம் செய்தனர். சாப்மன் அவரைக் கைவிடவில்லை. நாளடைவில் அவ்வணியின் மூளை என்று யாவரும் போற்றும் நிலையை ஜேம்ஸ் எய்தினார்.

பொறுமையின் பயன்

அணியை உருவாக்க ஐந்து ஆண்டுகள் வேண்டும் என்று சாப்மன் வந்தபோதே கூறியிருந்தார் என்பர். அவ்வைந்து ஆண்டுகளும் நேரான ஏற்றமாக அமையவில்லை. இரண்டாம் இடம் பெற்ற அணி அடுத்த ஆண்டில் 11-ஆம் இடத்திற்கு இறங்கியது. பின்பு 10, அதன்பின் 9, 1930-இல் 14 என்றவாறே நின்றது. 1927-இல் கோப்பை இறுதிப் போட்டியில் வேல்ஸ் நாட்டுக் கார்டிப் அணியோடு மோதியது. எளிதாகப் பிடித்திருக்கவேண்டிய பந்து ஆர்சனலின் கோல் காப்பாளர் டான் லூயிஸ் கையினின்று நழுவிக் கோலுக்குள் உருண்டது. அந்த ஒரு கோலால் கோப்பை பறிபோயிற்று. லூயிஸ் மனமுடைந்து, தமக்குக் கிடைத்த பதக்கத்தையே வீசி எறிந்தார். அணித்தோழர் ஒருவர் அதனை எடுத்துவந்து அவரைத் தேற்றினார். அப்பிழைக்காக அவர் துரத்தப்படவில்லை. அடுத்துவந்த ஆண்டுகளிலும் ஆர்சனலின் கோலைக் காத்துநின்றார்.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் பொறுமை பயன் தந்தது. கோப்பை இறுதிப் போட்டியில் ஆர்சனலை எதிர்த்து நின்றது, சாப்மன் முன்பு வளர்த்த ஹட்டர்ஸ்பீல்டு அணியே. இரண்டு அணியினரும் அவரைப் பெருமைப்படுத்தும் பொருட்டு மைதானத்தில் அருகருகே நடந்துவந்தனர். ஆர்சனல் இரண்டு கோல்கள் அடித்து வென்றது. முதற் கோலை அடித்தவர் ஜேம்ஸ். மறு ஆண்டில் லீக் போட்டியில் 127 கோல்களும் 66 புள்ளிகளும் பெற்று ஆர்சனல் முதலிடம் அடைந்தது. இலண்டன் கழகம் ஒன்று அப்பெருமையைப் பெற்றது அதுவே முதன்முறை. 1933-இல் அப்பெருமை இரண்டாம் முறையும் வந்து சேர்ந்தது.

காலத்தை முந்திய கருத்துகள்

சாப்மன் பழமையைப் பழமை என்பதற்காகவே போற்றுபவர் அல்லர். ஆட்டக்காரர் இன்னார் என்று காண்போர் அறியும்படி 1928-இலேயே சட்டை முதுகில் எண் பொறித்து ஆடச் செய்தார். லீக் நிருவாகத்தினர் அதனை ஏற்கவில்லை. 1939-இல்தான் அது விதியாயிற்று. மின்விளக்கொளியில் இரவில் ஆடலாம் என்றார்; அதற்கும் அந்நாளில் இசைவு கிடைக்கவில்லை. ஹைபரி அரங்கின் அருகே சுரங்க இரயில் நிலையம் ஒன்று கில்லெஸ்பி சாலை என்ற பெயரோடு இருந்தது. சாப்மனின் விடாமுயற்சியால் 1932-இல் அதற்கு ஆர்சனல் என்னும் பெயர் சூட்டப்பட்டது.

அவரிடம் குறையே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. 1933 சனவரியில் கோப்பைப் போட்டி ஒன்றில், மூன்றாம் பிரிவைச் சேர்ந்த வால்சால் என்னும் எளிய அணியிடம் ஆர்சனல் தோற்றது. நோயாலும் காயத்தாலும் சிலர் வர இயலாமையால், அனுபவம் குறைந்த இளைஞர்கள் அன்று ஆடினர். தவறிழைத்த இளைஞர் ஒருவரைச் சாப்மன் ஒரு வாரத்திற்குள் வேறு கழகத்திற்கு அனுப்பிவிட்டார். லூயிஸைப் பொறுத்த உள்ளம் அவ்விளைஞரைப் பொறுக்காமற் போயிற்றே என்று எண்ணத் தோன்றுகிறது. அணியின் ஒழுங்கைக் காக்க நினைத்த கடுமை அது எனலாம். எனினும் பெரியோர் வாழ்விலும் இத்தகைய நிழல்கள் உண்டு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இறுதிப் பயணம்

1934-ஆம் ஆண்டு பிறந்தது. ஆர்சனல் மீண்டும் லீக் வரிசையில் முன்னணியில் நின்றது. எதிரணிகளின் ஆட்டத்தைக் காணச் சாப்மன் கடுங்குளிரில் வடநாட்டு நகரங்களுக்குச் சென்றார். திரும்பியபோது சளியும் காய்ச்சலும் பற்றியிருந்தன. ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர் கூறினார். தம் கழகத்தின் மூன்றாம் வரிசை இளைஞர்கள் கில்போர்டு நகரில் ஆடவிருந்தனர். அவர்களது ஆட்டத்தைப் பார்த்து நெடுநாள் ஆயிற்று என்று எண்ணி, அங்கும் புறப்பட்டுச் சென்றார். நோய் முற்றிச் சளிக்காய்ச்சலாக மாறியது. சனவரி 6-ஆம் நாள் விடியுமுன் அவர் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து.

அன்று ஹைபரியில் போட்டி இருந்தது. தெருவில் வைத்திருந்த நாளிதழ் அறிவிப்புகளைக் கண்டே ஆட்டக்காரர் சிலர் அச்செய்தியை அறிந்தனர். கலங்கிய கண்களோடு களம் இறங்கி ஆடினர். பின்னர் அவருடைய உடலைத் தாங்கிய பேழையை அவர்தம் ஆட்டக்காரர்களே சுமந்து சென்றனர்.

நிலைத்து நின்ற கட்டடம்

தலைவர் மறைந்தார், அணி சிதறிவிடும் என்று பலர் எண்ணினர். அவ்வாறு நேரவில்லை. அவரிடம் பயின்றோர் பொறுப்பை ஏற்றனர். வகுத்த முறைகள் மாறவில்லை. அவ்வாண்டு லீக் போட்டியில் ஆர்சனல் முதலிடம் பெற்றது, 1935-இலும் பெற்றது. அவர் விட்டுவந்த ஹட்டர்ஸ்பீல்டு அணியும் 1926-இல் தொடர்ந்து மூன்றாம் முறையாக முதலிடம் பெற்றிருந்தது. முழங்கால் ஒடிந்து வருந்திய விட்டேக்கர், 1947-இல் ஆர்சனலின் மேலாளராகவே உயர்ந்து, 1948, 1953 ஆகிய ஆண்டுகளில் அதே வெற்றியைத் தேடித் தந்தார். கழகம் 2006-இல் ஹைபரியை விட்டுப் புதிய அரங்கிற்குச் சென்றது. 2011-இல் அப்புதிய அரங்கின் வெளியே சாப்மனின் உருவச்சிலை நிறுவப்பட்டது.

தாம் இருக்கும்வரை மட்டும் வெற்றி தருபவர் திறமையாளர். தாம் நீங்கிய பின்னரும் வெற்றி நிலைக்கும்படி பிறரை ஆக்கிவைப்பவரே ஆசான். மாணவர்களே! நீங்களும் நாளை ஓர் அணிக்கோ, ஒரு சங்கத்திற்கோ, ஓர் ஊருக்கோ பொறுப்பேற்கும் நாள் வரலாம். நீங்கள் ஏற்பது சரிந்து கிடக்கும் ஒன்றாகவும் இருக்கலாம். அன்று, ஏழு கோல்களுக்குத் தோற்றுத் தலைகுனிந்த வேளையில் தம் ஆட்டக்காரர் சொல்லைக் கேட்க அமர்ந்த சாப்மனை நினைந்துகொள்ளுங்கள்.